பூட்டிக் கிடக்கும் கிராமத்து வீடுகளை விற்கவும் வாங்கவும் வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களைப் பிரித்தால், அமைதியான கிராமச் சூழலில் வீட்டு மனைகள் விற்பனைக்கு என்ற விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எங்கள் பகுதியில் அந்த மனைகளில் பல, சில ஆண்டுகளுக்கு முன்புவரை குறுவையும் சம்பாவும் விளைந்த வயல்கள். அதே ஊர்களின் நடுத்தெருவில் திண்ணையும் ரேழியும் கூடமும் முற்றமும் கொல்லைக் கிணறும் உள்ள வீடுகள் பூட்டிய கதவோடு நின்று, ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் ஒரு சுவரை இழந்துகொண்டிருக்கின்றன. கிராமத்தில் குடியேற ஆசைப்படுகிறவர்கள் இந்த வீடுகளை விட்டுவிட்டு வயலில் கல் நட்ட மனைகளை ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு, நான் பட்டறிந்த விடையைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இந்த வீடுகளை விற்க மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். வாங்க மனமுள்ளவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் சிக்கலாகிக் கிடப்பவை ஆவணங்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் பணியாற்றிய பின், கணவரும் நானும் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பழைய ஓட்டு வீட்டை 2021-இல் வாங்கிக் குடியேறினோம். அந்த வீட்டுக்கு முன்பே, வேறோர் ஊரில் மற்றொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தோம். அதை முதலில் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டை அண்ணன் தம்பி இருவர் விற்க முன்வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். எந்தப் பதிவும் இல்லை என்று வந்தது. வில்லங்கம் இல்லை என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்துவிட்டோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே அந்தச் சான்று காட்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அதன் பொருள் உறைக்கவில்லை. ஒருவர் இறந்து அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் போவது அந்த அலுவலகத்தில் தானாகப் பதிவாவதில்லை. குடும்பத்துக்குள் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையும் பதிவாவதில்லை. வீட்டின் பேரில் உள்ளூரில் வாங்கிய கைமாற்றுக் கடனும் அதில் வராது. கிராமத்து வீட்டைப் பொறுத்தவரை, முப்பது ஆண்டுகளாக ஒரு பதிவும் இல்லையென்றால், அந்தக் காலத்தில் நடந்த இறப்புகளும் பங்குகளும் தாளில் ஏறவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, அந்தச் சகோதரர்களுக்கு ஐந்து அத்தைமார் உண்டு என்றும், அவர்களில் இருவருடைய பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் மும்பையிலும் இருக்கிறார்கள் என்றும் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது.

அத்தைமாருக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவர்கள் கையெழுத்து தேவையில்லை என்று சகோதரர்கள் சொன்னார்கள். இதை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச்சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்த நாளில் திருமணமாகாதிருந்த பெண்களுக்குப் பிறப்புரிமை அளித்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான பெண்களையும் உட்படுத்தியது. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. சீர்வரிசை கொடுத்ததால் பங்கு போய்விடுவதில்லை. அத்தைமாரின் கையெழுத்து இல்லாமல் நாங்கள் வாங்கியிருந்தால், என்றாவது ஒரு நாள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணையோடு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருந்திருக்கும். அந்தப் பேச்சை அத்துடன் முறித்துக்கொண்டோம். முன்பணத்தில் பாதி மட்டுமே திரும்பி வந்தது.

இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அவர் அனுப்பிய பொது அதிகார ஆவணத்தை, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திச் செல்லத்தக்கதாக்கினோம். (பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்தாலே விற்றதாகிவிடும் என்று இன்னும் சிலர் சொல்லி வருகிறார்கள். அது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது.) அந்தப் பதினொரு பேரில் மும்பையில் இருந்த அம்மையார் ஒருவரோ, தாம் பிறந்த இந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எழுபத்தெட்டு வயதில் ரயிலேறி வந்தார். கொல்லைக் கிணற்றடியில் சற்று நேரம் நின்றார். பிறகு பதிவு அலுவலகத்துக்கு வந்து கைரேகை வைத்தார். பதினொரு பேரையும் ஒன்று சேர்க்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்த ஒன்றரை ஆண்டில் வீட்டின் இரண்டாம் கட்டு இடிந்து விழுந்தது.

இத்தனைக்கும் பிறகு நிலத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. கிராமத்து வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில் உள்ளவை. மக்கள் குடியிருப்பதற்கென்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட இடம் நத்தம். அதில் வீடு கட்டி வாழ்கிறவரின் மனை அரசுக்குச் சொந்தமானதன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நத்தத்தையும் புறம்போக்கையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைக் காட்டி விலையைக் குறைக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். வயலுக்கு நூறாண்டுக்கு முற்பட்ட நில அளவைப் பதிவும் வரைபடமும் உண்டு. நத்த மனைகளையோ வீடு வீடாக அளந்து தனித்தனியாகப் பட்டா தரும் வேலை மிகப் பிந்தித்தான் நடந்தது. நடந்த காலத்தில் ஊரில் இல்லாதவர்களின் வீடுகள், அப்போது யார் வாசலில் நின்றார்களோ அவர்கள் பெயரில் ஏறின, அல்லது இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே நின்றன.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். பழைய தாய்ப்பத்திரத்தில் மனையின் அளவு 12 குழி என்று இருக்கிறது. நத்தம் பட்டாவில் சதுர மீட்டரில் இருக்கிறது. கிரயப் பேச்சு நடந்தது சதுர அடியில். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. ஆகவே 12 குழிக்கு 1,728 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 160 சதுர மீட்டர் வர வேண்டும். பட்டாவில் 131 சதுர மீட்டர்தான் இருந்தது. மீதி எங்கே போயிற்று என்று பார்க்க எல்லை விவரத்தைப் படித்தால், வடக்கு எல்லையாக ஒரு புளியமரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த மரத்தைப் பார்த்தவர்கள் ஊரில் மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். மூவரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். கடைசியில், கொல்லையில் வண்டி போகும் பாதையாகப் பக்கத்து வீட்டார் இரண்டு தலைமுறையாகப் பயன்படுத்தி வரும் இடம்தான் அந்த வித்தியாசம் என்று தெரிந்தது. அதை அவர்களுக்கே விட்டுவிட்டோம். தடையின்றி இருபது ஆண்டுகள் நடந்து பழகிய பாதைக்குச் சட்டத்திலும் உரிமை உண்டு, அண்டை வீட்டாரோடு வழக்கோடு குடிபுகவும் எங்களுக்கு மனமில்லை. ஆனால் பட்டா பெயர் மாறி வர அதன் பிறகும் பதினான்கு மாதங்கள் ஆயின.

காவிரிப் படுகைக்கே உரிய இன்னொரு சிக்கல் அடிமனை. எங்கள் பக்கத்தில் தெருத்தெருவாக வீடுகளின் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். வீட்டுக்காரருக்கு மேலே உள்ள கட்டடம் மட்டுமே சொந்தம், மனைக்கு வாடகை செலுத்த வேண்டும். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. வீட்டைப் பார்த்த மயக்கத்தில் இதை விசாரிக்க மறந்தவர்கள், பதிவு அலுவலகம் வரை போய்த் திரும்பியதை நானே கண்டிருக்கிறேன். இதேபோல, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிக் கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பிற வகுப்பினர் வாங்குவது செல்லாது. செல்லும் செல்லாது என்பதைவிட, அது வாங்கத் தகாத நிலம் என்றே நான் சொல்வேன்.

இவ்வளவு தொல்லையையும் அறிந்த ஒருவர், வரைபட அனுமதியும் ஒரே விற்பனையாளரும் ஒரே நாளில் முடியும் பதிவும் கொண்ட மனைப்பிரிவுக்குப் போவதில் வியப்பில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலையை ஊர் கொடுக்கிறது. நன்செயில் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தியதும் வயல்களின் வடிகால் அடைபடுகிறது. கார்த்திகையில் தண்ணீர் பழைய தெருவுக்குள் திரும்புகிறது. எங்கள் ஊரின் கீழத்தெரு இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் நனைகிறது. 2020-இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை முதலியவற்றையும் புதிதாக வரவிடாமல் தடுத்தது. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். வீட்டு மனைகள் அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. ஊருக்குள் பத்து வீடு பூட்டிக் கிடக்கும்போது ஊருக்கு வெளியே பத்து மா (ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர்) வயலை மேடாக்குவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே அரசுக்கும் வருவாய்த் துறைக்கும் பதிவுத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கையை வைக்கிறேன். நத்தத்தில் உள்ள பூர்வீக வீடுகளுக்காக ஊர்தோறும் வாரிசு முகாம் நடத்த வேண்டும். அதை அலுவலக வசதிக்கு நடத்தாமல், வெளியூரில் இருக்கும் பங்காளிகள் தாமாகவே ஊருக்கு வரும் நாட்களில் நடத்த வேண்டும். எங்கள் ஊருக்கு அது சித்திரைத் திருவிழா. வேறோர் ஊருக்கு மாசி மகமாகவோ பங்குனி உத்திரமாகவோ ஆடிக் கடைசி வெள்ளியாகவோ இருக்கலாம். குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்க நாற்பது பேர் ஒன்றாகக் கூடும் நாளில், கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் சார்பதிவாளர் அலுவலகப் பணியாளர் ஒருவரும் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தால், பாதி வேலை அன்றே முடியும். வாரிசுச் சான்றுக்கு மனு வாங்கலாம். மனையை அளந்து எல்லைக்கல் நடலாம். தம் பங்கை விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். நெடுங்காலத்துக்கு முன் இறந்தவர்களுக்கு இறப்புப் பதிவே இல்லாமல் இருப்பதும், அதற்குத் தனி ஆணை பெற அலைய வேண்டியிருப்பதும்தான் பல குடும்பங்களை மலைக்க வைக்கின்றன. அதற்கான விசாரணையையும் அந்த முகாமிலேயே தொடங்கலாம். குடும்பத்தினருக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரங்களுக்கு இருக்கும் கட்டணச் சலுகை, மூன்று தலைமுறையாகக் கிளைவிட்ட பங்காளிகள் அனைவருக்கும் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைக்க வேண்டும்.

இன்னொன்று. வாங்குகிறவர்கள் எச்சரிக்கைக்காக நாளிதழில் பொது அறிவிப்பு கொடுக்கிறார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் உரிமையுள்ள பங்காளி அந்த நாளில் அந்தப் பதிப்பைப் படித்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அதே அறிவிப்பைக் கிராம சபையில் வாசிக்கவும் ஊராட்சிப் பலகையில் ஒட்டவும் விதி செய்தால், அத்தை இருக்கிறார், பேத்தி இருக்கிறாள் என்று சொல்ல ஊரே முன்வரும். எங்களுக்கு ஒரு பாட்டி திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னதை, முறையாகச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றே கேட்கிறேன்.

வாங்க வருகிறவர்களிடமும் சில சொற்கள் உண்டு. செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாங்கள் பதிவு செய்த காலத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதம். 2023 முதல் அது 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. கிராமத்துப் பழைய வீடுகள் பல இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும். வீட்டைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடைமழையில் வந்து, கூடத்தில் எங்கே ஒழுகுகிறது, கொல்லைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, யார் வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் யார் மனையில் விழுகிறது என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

விளம்பரங்கள் சொல்லும் அமைதியைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். தை மாதத்தில் அறுவடை இயந்திரம் இரவு முழுவதும் ஓடும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்ற லாரிகள் விடியுமுன்னே வரும். மார்கழியில் நான்கரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். இவை ஊர் உயிரோடு இருப்பதன் ஓசைகள், எங்களுக்குப் பழகிவிட்டன. பழக முடியாதது வேறொன்று. வீடு பார்க்கப் போன ஒவ்வோர் ஊரிலும், விலையைச் சொல்வதற்கு முன் நாங்கள் என்ன சாதி என்று கேட்டார்கள். இந்தத் தெருவில் இன்னாருக்குத்தான் கொடுப்போம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. ஒரு வீடு இடிந்து மண்ணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் வேறு சாதியார் ஒருவர் அதில் விளக்கேற்றச் சம்மதிக்க மாட்டார்கள். பல ஊர்களில் வீடுகள் விற்காமல் கிடப்பதற்கு ஆவணச் சிக்கலோடு இதுவும் ஒரு காரணம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கும் தெருவில் நாங்கள் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அதனால்தான் எங்கள் தேடல் நான்கு ஆண்டுகள் நீண்டது.

நாங்கள் குடியேறியபோது எங்கள் தெருவில் பதினேழு வீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. அவற்றில் இரண்டு இப்போது இல்லை. மழையில் விழுந்து எருக்கஞ்செடி முளைத்துவிட்டது. மற்ற ஏழில் நான்கு வீட்டாரிடம் பேசியிருக்கிறேன். நால்வரும் விற்கத் தயார், நால்வருக்கும் பங்காளிகளை ஒன்று சேர்க்க வழி தெரியவில்லை. வாரிசு முகாம் வேண்டும் என்ற கோரிக்கையை எங்கள் ஊராட்சியில் வரும் நவம்பர் 1 அன்று கூடவிருக்கும் கிராம சபையில் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். தங்கள் வாசகர்களில் ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள், வீட்டு வரி ரசீதையும் பட்டா நகலையும் எடுத்து, அவை யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த வாரமே பார்க்க வேண்டுகிறேன். அவை மறைந்த ஒருவர் பெயரில் இருந்தால், தங்கள் ஊர்க் கிராம சபையிலும் இதே தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.